தாமஸ் ரீட் பற்றிக் கேட்டீர்கள்

கேள்வி: ஸ்காட்லாந்து தத்துவம் என்றாலே டேவிட் ஹ்யூம்தானே? அதே காலத்து ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ரீடை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

ஹ்யூம் எனக்கும் பிடித்தவர்தான். ஆனால் அவருக்குக் கடைசிவரை பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1745இல் எடின்பரோ, அப்புறம் கிளாஸ்கோ, இரண்டும் கை நழுவிப்போயின. ஹ்யூமின் முதல் நூலைப் படித்து ஆடிப்போய், அதற்குப் பதில் தேடியே வாழ்நாளைக் கழித்த ரீடோ முழுக்க முழுக்க வகுப்பறை மனிதர்.

கேள்வி: பாதிரியாராக இருந்தவர் என்கிறார்களே?

ஆமாம். 1710இல் பிறந்தவர், அபர்டீனில் படித்து அங்கேயே கல்லூரி நூலகராகவும் இருந்துவிட்டு, 1737இல் நியூ மேக்கர் என்ற ஊருக்குப் போதகராகப் போனார். போதகரை நியமிக்கும் உரிமை வைத்திருந்த அபர்டீன் கிங்ஸ் கல்லூரி தங்களைக் கேட்காமலே ஆளை அனுப்பிவிட்டது என்று ஊர்க்காரர்களுக்குக் கோபம், வந்தவரைக் குட்டையில் முக்கியெடுத்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள். 1751இல் அவர் அதே கிங்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராகக் கிளம்பியபோது அவரை விட மனமில்லாமல் நின்றதும் அதே ஜனங்கள்தான். கல்லூரியில் கணிதம், இயற்பியல், தர்க்கம், அறவியல் எல்லாவற்றையும் ஒரே ஆசிரியர்தான் நடத்த வேண்டும். 1764இல் ஆடம் ஸ்மித் விட்டுப்போன கிளாஸ்கோ அறவியல் பேராசிரியர் இடம் ரீடுக்குக் கிடைத்தது.

கேள்வி: ஹ்யூமோடு சண்டையா?

சண்டையே இல்லை, எனக்கு அவரைப் பிடிக்கக் காரணமே அதுதான். தன் முதல் நூலின் கையெழுத்துப் பிரதியை, எடின்பரோ போதகர் ஹ்யூ பிளேர் மூலமாக ஹ்யூமிடமே காட்டினார். ஹ்யூம் பாராட்டி எழுத, ரீட் தன்னை அவருடைய மாணவன் என்றே பதில் எழுதினார், நீங்கள் எழுதுவதை நிறுத்தினால் எங்களுக்குப் பேசப் பொருள் இருக்காது என்றும் சேர்த்து.

கேள்வி: அவருடைய வாதம் ஒன்றைச் சொல்லுங்களேன், எளிமையாக.

நினைவு இருக்கும்வரைதான் அதே ஆள் என்றார் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக். சரி, தோட்டத்தில் திருடி அடிவாங்கிய ஒரு பையன், வளர்ந்து அதிகாரியாகி எதிரியின் கொடியைப் பிடுங்குகிறான், பிறகு தளபதியாகிறான். கொடியைப் பிடுங்கியபோது அடிவாங்கியது நினைவிருந்தது. தளபதியானபின் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக் கணக்கில் தளபதியும் அதிகாரியும் ஒரே ஆள், அதிகாரியும் பையனும் ஒரே ஆள், ஆனால் தளபதியும் பையனும் வேறு வேறு! இதை ரீட் அச்சிட்டது 1785இல், 75 வயதில். 1780லேயே பாடம் நடத்துவதை விட்டதே எழுதத்தான். அடுத்த பெரிய நூல் 1788இல் வந்தது, 1796இல் இறந்தார்.

கேள்வி: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

1764இல் வந்த முதல் நூல், An Inquiry into the Human Mind. ஐம்புலன்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். பார்வை பற்றிய அத்தியாயம்தான் நீளம், கடினமும்கூட, அங்கே முட்டிக்கொள்ளாமல் அவரைப் போலவே மூக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.