லா ஸ்காலா திறப்பு நாளில் பாட்டைவிட வம்புதான் அதிகமா?

"மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் டிசம்பர் 7 அன்று சீசன் திறக்கும்போது பாட்டைவிட வம்புதான் அதிகம் என்கிறார்களே, உண்மையா? நேரில் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். நீங்களும் என்னைப் போல வேலைக்கோ படிப்புக்கோ மிலான் வந்தவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு நல்ல இருக்கை 3000 யூரோவுக்கு மேல். மறந்துவிடுங்கள். முப்பது வயதுக்குள் என்றால், சில நாள் முன்பே இளைஞர்களுக்கென்று ஒரு காட்சி உண்டு, விலையும் குறைவு. அதுவும் கிடைக்காவிட்டால் இத்தாலி அரசு டிவியான ராய் 1 சேனலில் நேரலை. மிலானின் சான் வித்தோரே சிறைக்குள்கூடத் திரை வைத்துக் காட்டுகிறார்கள், நமக்கென்ன குறை.

இனி வம்பு. இதில் எனக்குக் குரு என் பழைய வீட்டுக்காரர், நாற்பது வருட ஸ்காலா ரசிகர்.

2024-இன் திறப்பு ஓபரா இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா ஃபோர்ட்சா தெல் தெஸ்தீனோ', அதாவது விதியின் வலிமை. திறப்புக்குச் சில வாரம் முன் வாடகை கொடுக்கப் போனவன், பேச்சு வளர்க்கலாமே என்று அந்தப் பெயரை முழுசாகச் சொல்லிவிட்டேன். மனிதர் சட்டென்று பாக்கெட்டுக்குள் கை விட்டுச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டார். இரும்பைத் தொட்டால் தோஷம் கழியுமாம். அந்த ஓபராவின் பெயரை வாயால் சொல்லவே கூடாதாம். என் பாட்டி ராத்திரியில் பாம்பு என்று சொல்லமாட்டார், 'பூச்சி' என்பார். அந்த மாதிரி. காரணம் இல்லாமலும் இல்லை. 1960 மார்ச் 4 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் லெனர்ட் வாரன் என்ற பாடகர் இதே ஓபராவின் நடுவே மேடையிலேயே விழுந்து இறந்துபோனார்.

நான் சிரித்தேன். கொஞ்ச நாளில், கதாநாயகனாகப் பாட வேண்டிய யோனாஸ் காஃப்மன் சொந்தக் காரணத்தால் விலகிவிட்டார், பதிலுக்கு பிரையன் ஜேக்ட் பாடுகிறார் என்று செய்தி வந்தது. வீட்டுக்காரர் போன் போட்டு, "உன் வாய்தான்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அவர் சலிக்காமல் சொல்லும் கதை 2006 டிசம்பர் 10. திறப்பு முடிந்து, வெர்டியின் 'ஐடா' ஓபராவின் இரண்டாவது காட்சி. முதல் பாட்டு முடிந்ததும் மலிவு டிக்கெட்டில் உட்காரும் மேல்மாடிக்காரர்கள் கூச்சல் போட, கதாநாயகனாகப் பாடிய ரொபெர்ட்டோ அலான்யா மேடையைவிட்டு நடையைக் கட்டிவிட்டார். மாற்றுப் பாடகர் வேஷம் போடக்கூட நேரமில்லாமல் சொந்த உடுப்பிலேயே ஓடிவந்து பாடினார். வீட்டுக்காரர் அன்று உள்ளே இருந்தேன் என்று சத்தியம் செய்வார். மிலானில் வயதான எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அரங்கில் இருப்பதோ சுமார் 2000 இருக்கை.

பாட்டோடு சம்பந்தமில்லாத வம்பும் உண்டு. 1968-இல் மாணவர்கள் வாசலில் நின்று பணக்காரர்களின் மென்மயிர்க் கோட்டுகள் மேல் முட்டை வீசினார்கள். 2023-இல் ஒருவர் 'பாசிச எதிர்ப்பு இத்தாலி வாழ்க' என்று உள்ளே குரல் கொடுக்க, போலீஸ் வந்து அவர் யார் எவர் என்று விசாரித்தது.

'கலைஞனைப் பார்த்துக் கூச்சல் போடுவது அநாகரிகம்' என்று பாடம் எடுக்க வருபவர்களுக்கு: நான் ஒன்றும் இசை மேதை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூச்சல் போடுகிற மேல்மாடிக்காரன்தான் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கேட்கிறான். 3000 யூரோக்காரர் கேமரா எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்.

அப்புறம், இதைக் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அந்த வீட்டைக் காலி செய்தேன். மூன்று மாத வாடகை முன்பணம். சமையலறைச் சுவரில் மஞ்சள் கறை, வீடெல்லாம் மசாலா வாசனை என்று சொல்லி ஒரு சென்ட்கூடத் தரவில்லை. கறை உள்ளங்கை அளவு, அவ்வளவுதான். வெள்ளையடிக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்துச் சொன்னேன், பதில் இல்லை. கலை மனிதனைப் பண்படுத்தும் என்பவர்கள் அவரிடம் ஒருமுறை வாடகைக்கு இருந்து பார்க்கட்டும்.

2025 திறப்பன்று அவரிடமிருந்து வாட்ஸ்அப். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஓபராவாம், ஸ்காலாவின் இசை இயக்குநர் ரிக்கார்தோ ஷாயியின் கடைசித் திறப்பாம், இடைவேளை வம்பு வேறு நீளமாக. முன்பணம் பற்றி மூச்சு இல்லை.

நான் அந்தச் சொல்லக்கூடாத பெயரை மட்டும் மூன்று முறை டைப் செய்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது.