பந்து நழுவினால் ரோசின் போதும்

சாஃப்ட்பால் ஆட்டத்தில் மூன்றாவது இன்னிங்ஸுக்குள் மகளின் விரல்கள் வியர்த்து ரைஸ்பால் (மேலெழுவதுபோல் தோன்றும்படி சுழற்றி வீசும் பந்து) நழுவுகிறது, ஒட்டும் பசை தடவலாமா என்று கேட்டிருந்தீர்கள். பசை வேண்டாம். சாஃப்ட்பால் விதிகள் பொதுவாக அனுமதிப்பது ரோசின் என்ற மரப்பிசின் பொடியைத்தான். அதுவும் கையில் மட்டும், பந்தில் நேரடியாகத் தூவக் கூடாது. வேறு எதுவானாலும் ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் காட்டிவிடுங்கள்.

முதலில் துண்டால் வியர்வையை நன்றாகத் துடைத்துவிட்டு, ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளிலும் கட்டைவிரலிலும் ரோசின் பையை லேசாகத் தட்டினால் போதும். பொடி அதிகமானால் பந்து விரலில் ஒரு கணம் ஒட்டி, தாமதமாக விடுபட்டு மேலே போய்விடும். பிள்ளையோ தன் மணிக்கட்டில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்ளும். அதனால் பயிற்சியிலும் அதே பொடியோடு வீசட்டும். அப்புறம், விரலை நக்கினால் துடைக்காமல் பந்தைத் தொடக் கூடாது, அதையும் சொல்லிவையுங்கள்.