நீங்க ரொம்ப ஆவலா எதிர்பார்க்கற போர்த் தொடர் எது? உங்க குடும்பத்துல யாராவது போருக்குப் போயிருக்காங்களா?

ரெண்டு கேள்விக்கும் என்கிட்ட ஒரே பதில் தான், பர்மா. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பானை எதிர்த்து 1942ல இருந்து 1945 வரைக்கும் பர்மா பக்கம் நடந்த சண்டையை, அதுல போன நம்ம ஆளுங்க கண்ணு வழியா, ஒரு பத்து எபிசோடுக்காவது யாராவது நல்லா எடுக்கணும்னு ரொம்ப வருஷமா காத்துட்டு இருக்கேன். எங்க அம்மாவோட அப்பா அங்க மதராஸ் சேப்பர்ஸ்ங்கற ராணுவப் பொறியாளர் படையில இருந்தவரு.

2001ல பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் வந்துச்சு, 2010ல த பசிபிக், 2024ல மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர். மூணையும் விரும்பித்தான் பார்த்தேன், மூணும் அமெரிக்க வீரர்களோட கதை, அது அவங்க தாத்தாக்களுக்கு அவங்க செஞ்ச மரியாதை, அதுல தப்பே இல்ல. ஆனா அதே போர்ல இந்திய ராணுவத்துல 25 லட்சம் பேர் இருந்தாங்க, கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாம தானா பேர் குடுத்து சேர்ந்தவங்க, அவ்ளோ பெரிய வாலன்டியர் ராணுவம் உலகத்துல அதுக்கு முன்னாடி இருந்ததே இல்ல, அவங்களுக்குன்னு அந்த அளவுல ஒரு தொடர் இன்னும் இல்ல. 2013ல லண்டன்ல இருக்கற தேசிய ராணுவ மியூசியம் பிரிட்டனோட மிகப் பெரிய யுத்தம் எதுன்னு ஓட்டெடுப்பு வெச்சப்போ வாட்டர்லூ, நார்மண்டி எல்லாத்தையும் தாண்டி ஜெயிச்சது இம்பால் - கோஹிமா. அந்த யுத்தம் நடந்த மண்ணு நம்ம மணிப்பூர், நாகாலாந்து, ஆனா நம்ம பள்ளிக்கூட புத்தகத்துல நான் அதைப் பத்தி படிச்ச ஞாபகமே இல்ல.

வட ஆற்காடு பக்கம் பட்டாளத்துக்குப் போறதுங்கறது விவசாயம் மாதிரி பரம்பரையா வர்ற ஒரு வேலை. வேலூர் பக்கத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊரே இருக்கு, வீட்டுக்கு ஒருத்தராவது மிலிட்டரி, அதனால ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. எங்க தாத்தாவும் அந்தப் பக்கம் தான், மீசை சரியா முளைக்கறதுக்கு முன்னாடியே பெங்களூர் போய் சேர்ந்துட்டாரு. சேப்பர்ஸ்னா துப்பாக்கி தூக்கி முன்னாடி ஓடுற ஆளுங்க இல்ல, ரோடு போடறது, பாலம் கட்டறது, கண்ணிவெடி எடுக்கறது அவங்க வேலை. மதராஸ் சேப்பர்ஸை ராணுவம் முழுக்க தம்பின்னு தான் கூப்பிடுவாங்க, இன்னிக்கும் அப்படித்தான்.

தாத்தா உக்காந்து கதையா எதுவும் சொன்னதே இல்ல. சாப்பிடும்போது, மழை பெய்யும்போது, திடீர்னு ஒரு வரி வரும், அவ்ளோ தான். "சாக்கு விரிச்சு ரோடு போட்டோம்"னு சொல்லுவாரு. "வானத்துல இருந்து சாக்குல அரிசி தொங்கிட்டு வரும்"னு சொல்லுவாரு. "மஞ்சள் மாத்திரை சாப்பிட்டு கண்ணெல்லாம் மஞ்சளாயிடும்"னு சொல்லுவாரு. தெருவுல பட்டாளத்தாரு அளக்கறாருன்னு சிரிப்பாங்க, அவரும் அதுக்கு மேல பேச மாட்டாரு. அவரு போனதுக்கு அப்புறம் தான் நான் படிக்க ஆரம்பிச்சேன், படிக்க படிக்க அந்த ஒவ்வொரு வரியும் அப்படியே நிஜம்னு தெரிய வந்துச்சு, அந்த நேரத்துல உடம்பு சிலிர்த்துப் போச்சு.

சாக்கு ரோடுங்கறது பர்மாவுல இருக்கற தமு - கலேவா ரோடு. கபாவ் பள்ளத்தாக்குல ஜல்லி கிடையாது, மழை வந்தா லாரி அச்சு வரைக்கும் சேத்துல இறங்கிடும், அதனால மண்ணை சமப்படுத்தி இறுக்கி, தாரு ஊத்தி ஊறவெச்ச சணல் துணியை நீள நீளமா ஓரத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி விரிச்சுக்கிட்டே போயிருக்காங்க, அது மேல தான் பர்மாவுல சண்டை போட்ட பிரிட்டிஷ் - இந்தியப் படையான பதினாலாவது ஆர்மியோட லாரி எல்லாம் ஓடிச்சு. அந்த ரோடு போய் முட்டுற இடம் சிந்த்வின் ஆறு, அங்க 1944 டிசம்பர்ல 1,154 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம், அதாவது இரும்புத் துண்டுங்களை அங்கேயே கோத்து கட்டுற பாலம், போட்டாங்க, அப்போ உலகத்துலயே நீளமான பெய்லி பாலம் அது தான்.

வானத்துல தொங்குன சாக்கும் நிஜம். பாராசூட்டுக்கு பட்டுத்துணி கிடைக்கல, இருந்ததெல்லாம் ஐரோப்பாவுக்குப் போயிடுச்சு, அதனால பதினாலாவது ஆர்மியோட தளபதி ஸ்லிம் கல்கத்தா சணல் மில்லுங்களைக் கேட்டு சணல்லயே பாராசூட் பண்ண வெச்சாரு. வழக்கமான பாராசூட் விலை 20 பவுண்டுக்கு மேல, இது ஒரு பவுண்டு சொச்சம் தான். ஆள் குதிக்க முடியாது, ஆனா அரிசி, பருப்பு, குண்டு எல்லாம் இறங்கும்.

மஞ்சள் மாத்திரை தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. 1943ல அந்தப் பக்கம் குண்டடி பட்டு ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போனா காய்ச்சல், வயித்துப்போக்குன்னு 120 பேர் போனாங்களாம். மலேரியாவுக்கு மெபாக்ரின்னு ஒரு மாத்திரை, அதை சாப்பிட்டா தோலு மஞ்சளாகும், ஆண்மை போயிடும்னு வேற ஒரு வதந்தி, அதனால பல பேரு துப்பிடுவாங்க. ஸ்லிம் திடீர் திடீர்னு ஒரு படைப்பிரிவுல எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை வெச்சு, மாத்திரை சாப்பிட்டவங்க 95 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அந்தப் பிரிவோட அதிகாரியையே பதவியில இருந்து தூக்கிட்டாரு, மூணு பேரை அப்படி நீக்குனதுமே மத்தவங்க எல்லாம் சரியாயிட்டாங்க. எனக்கு தொடர்ல இந்த சீன் வேணும். வரிசையா நிக்கற பையன்ங்க, பத்தொம்பது இருபது வயசு, வாயைத் திறந்து காட்டுறாங்க, முழுங்கிட்டானான்னு அதிகாரி பார்க்குறாரு. பர்மா சண்டை ஜெயிச்சதுல பீரங்கிக்கு எவ்ளோ பங்கோ அதே அளவு இதுக்கும் உண்டு.

எடுக்கறவங்க கண்டிப்பா கோஹிமா டென்னிஸ் கோர்ட்டுக்குப் போவாங்க, டெபுடி கமிஷனர் பங்களா டென்னிஸ் கோர்ட்டுக்கு அந்தப் பக்கம் ஜப்பான்காரன், இந்தப் பக்கம் நம்ம ஆளு, கைக்குண்டு வீசுற தூரம், எடுக்கட்டும், அதுவும் வேணும். ஆனா அது மட்டும் போதாது. சுபேதார் சுப்ரமணியன்னு ஒருத்தர், அதே மதராஸ் சேப்பர்ஸ், நம்ம செங்கல்பட்டு பக்கத்துக்காரர், 1944 பிப்ரவரி 24ல இத்தாலியில மிக்னானோங்கற இடத்துல கண்ணிவெடி மேல தானா விழுந்து கூட வந்தவங்களைக் காப்பாத்திட்டு செத்துப்போனாரு, ஜார்ஜ் கிராஸ்ங்கற பிரிட்டனோட பெரிய வீர விருதை வாங்குன முதல் இந்தியர் அவரு. இடம் பர்மா இல்லன்னாலும் பரவால்ல, பர்மாவுல இருக்கற தம்பிங்களுக்கு அந்த சேதி வந்து சேர்ற மாதிரியாவது ஒரு காட்சி வைங்க.

இன்னொரு பக்கமும் எங்க வீட்டுலயே இருக்கு. எங்க பாட்டியோட அண்ணன் மலேயாவுல ரப்பர் தோட்டத்துல இருந்தவரு, 1943ல நேதாஜி வந்து கூப்பிட்டதும், ஜப்பான் பக்கம் நின்னு சண்டை போட்ட இந்திய தேசிய ராணுவமான ஐஎன்ஏவுல சேர்ந்துட்டாரு. அதாவது மச்சான் ரெண்டு பேரும் ஒரே எல்லையில எதிரெதிர் பக்கம். ஊருக்குத் திரும்புன பிறகு எந்தக் கல்யாணத்துலயும் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல தான் உக்காருவாங்களாம், வெத்தலை மாத்திப்பாங்களாம், போரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாதாம். ஐஎன்ஏக்காரங்களுக்கு 1972க்கு அப்புறம் தியாகி பென்ஷன் வர ஆரம்பிச்சப்போ, அதுக்கான பேப்பர் எல்லாம் அலைஞ்சு வாங்கிக் குடுத்ததே எங்க தாத்தா தான்னு அம்மா சொல்லுவாங்க. தாத்தாவுக்கு பென்ஷன் இல்ல, போர் முடிஞ்சதும் ஆளைக் குறைச்சப்போ வீட்டுக்கு வந்தவரு அவரு, சர்வீஸ் பத்தல. அதைப் பத்தியும் அவரு குறை சொல்லி யாரும் கேட்டதில்ல. தொடர் எடுக்கறவங்க தயவு செஞ்சு இதுல ஒருத்தரை தியாகி ஆக்கி இன்னொருத்தரை துரோகி ஆக்கிடாதீங்க, எங்கள மாதிரி வீடுங்க இங்க நிறைய இருக்கு. 1942ல ரங்கூன்ல இருந்து நடந்தே வந்த தமிழ் குடும்பங்களையும் விட்டுடாதீங்க, லட்சக்கணக்குல ஜனங்க மலையும் காடும் தாண்டி வந்தாங்க, வழியில விழுந்தவங்களுக்குக் கல்லறை கூட கிடையாது.

பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்ல என்னை ரொம்ப பாதிச்சது சண்டைக் காட்சி இல்ல, எபிசோடு ஆரம்பத்துல நிஜமான அந்த வயசானவங்க வந்து பேசுவாங்களே, பேர் கூட போட மாட்டாங்க, கடைசி எபிசோடு முடியும்போது தான் யார் யாருன்னு தெரியும், அது தான். நமக்கு அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு, 1944ல பதினெட்டு வயசுப் பையனா இருந்தவருக்கு இப்போ நூறு வயசு ஆகணும். அதனால எடுக்கறவங்க இனிமே எங்க மாதிரி பேரன் பேத்திங்களைத் தான் தேடி வரணும், எங்ககிட்ட இருக்கறதும் இந்த மாதிரி துண்டு துண்டு வரிங்க தான், ஒரு டிஸ்சார்ஜ் புக்கு, ஒரு பர்மா ஸ்டார் மெடல், நடுவுல சிவப்பு ரெண்டு பக்கமும் நீலம் ஆரஞ்சு கோடு போட்ட நைஞ்சு போன ரிப்பன். டிஸ்சார்ஜ் புக்குல படைப்பிரிவு நம்பர் இருந்தா போதும், அந்தப் பிரிவு எந்த மாசம் எங்க இருந்துச்சுன்னு நிறைய கண்டுபிடிச்சிடலாம், நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன். உங்க வீட்டு பரண்ல ட்ரங்க் பெட்டி இருந்தா இறக்கிப் பாருங்க.

அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள், தொடர் வந்தா அதுல சேப்பர்ஸ் தமிழ்ல பேசணும். எங்க அம்மாவுக்கு கண்ணு சரியா தெரியல, கீழ ஓடுற எழுத்தைப் படிக்க முடியாது, ஆனா முதல் எபிசோடுல இருந்து கூட உக்காந்து பார்க்கணும்னு அவங்க என்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிருக்காங்க.