வளைந்த கம்பியை நிமிர்த்த வேண்டாம்

அன்புள்ள அக்கா,

கம்பியில் நகை செய்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. வீடியோவில் சொன்ன அதே நம்பர் கம்பி, மணி, குறடு எல்லாம் வாங்கினேன். மணியின் துளையில் கம்பி நுழையவே மாட்டேன் என்கிறது. வளையம் ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. கோணலாக வந்ததை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. ஒரே ஒரு ஜோடித் தோடு முடித்துப் போட்டுப் பார்த்தேன், இரண்டு நாளில் காது அரித்துச் சிவந்துவிட்டது. தை மாதம் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். என் கையால் ஒரு ஜோடித் தொங்கட்டான் செய்து கொடுக்க ஆசை. எனக்குக் கை வராதோ என்று பயமாக இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கண்டிப்பாக வரும். துளையில் நுழையாத கம்பிக்கும் அரித்த காதுக்கும் காரணம் வாங்கிய சாமான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒடிகிற கம்பி.

வீட்டில் கட்டுக்கம்பியை வெட்டக் கட்டிங் பிளேயர் இல்லையென்றால் என்ன செய்வோம்? ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டி ஒடிப்போம். கோணலான வளையத்தைத் திருத்துகிறேன் என்று நீங்கள் செய்வதும் அதேதான். செம்பானாலும் வெள்ளியானாலும் வளைக்க வளைக்க அந்த இடம் இறுகிக்கொண்டே போகும். முதல் வளைவில் வெண்ணெய் மாதிரி இருந்த கம்பி மூன்றாவது வளைவில் முரண்டு பிடிக்கும், ஐந்தாவதில் ஒடியும். நடுவில் குறடு பட்ட தழும்பு வேறு. அதனால் கோணலாக வந்தால் அந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டு, புது நுனியில் முதலிலிருந்து செய்யுங்கள். கம்பி வீணாகிறதே என்று மனம் கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. ஆனால் நான் தேறியது வெட்டிப் போடத் துணிந்த பிறகுதான்.

சின்ன வயதில் எங்கள் தெருப் பத்தர் பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பேன். துளைகள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக இருக்கும் இரும்புத் தகட்டில் கம்பியை விட்டு இழுப்பார். சில துளைகள் தாண்டியதும் நிறுத்திவிட்டு, கம்பியைச் சுருட்டிக் கும்மட்டியில் வைத்து ஊதுகுழலால் ஊதிச் சிவக்கவைப்பார். அப்புறம் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி இழுப்பார். எதற்கு என்று அப்போது தெரியாது. இறுகிப்போன உலோகத்தைச் சுட்டு இளக்குகிற வேலை அது. எஃகைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் கெட்டியாகும். செம்பு அப்படியில்லை, இளகியே இருக்கும். பூச்சில்லாத செப்புக் கம்பி என்றால் நீங்களும் கேஸ் அடுப்பில் இதைச் செய்யலாம். இடுக்கியில் பிடித்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். மங்கலாகச் சிவந்தால் போதும். மேலே படிகிற கருப்பு, உப்பு போட்ட புளித்தண்ணீரில் ஊறினால் போய்விடும். செப்புக் குடம் துலக்குகிற அதே வைத்தியம்தான்.

சரி, வளையம். நீங்கள் மணியைக் கோத்ததும் நேராக நுனியைச் சுருட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் வளையம் கம்பத்தில் கட்டிய கொடி மாதிரி ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். முதலில் மணிக்கு மேல் ஒட்டியபடி கம்பியை ‘ட’ மூலை மாதிரி மடக்குங்கள். மடக்கிய பகுதியில் 1 சென்டிமீட்டர் விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். 3 மில்லிமீட்டர் வளையத்துக்குச் சுற்றளவு 9.4 மில்லிமீட்டர், அதனால்தான் இந்தக் கணக்கு. இப்போது உருண்டை மூக்குக் குறட்டால் நுனியைப் பிடித்து, மடக்கிய திசைக்கு எதிராக மணிக்கு மேலாகச் சுருட்டுங்கள். பாதி சுற்றியதும் மணிக்கட்டு அதற்கு மேல் திரும்பாது. பலவந்தமாகத் திருப்பாமல் குறட்டைத் தளர்த்தி, கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி பிடித்து முடியுங்கள். குறட்டு மூக்கு நுனியில் மெலிந்து அடியில் தடித்திருப்பதால் பிடிக்கிற இடத்தைப் பொறுத்து வளையத்தின் அளவு மாறும். நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு எப்போதும் அந்த இடத்திலேயே பிடியுங்கள்.

இதை 100 தடவை செய்யுங்கள். மணி வேண்டாம், வெறும் கம்பியே போதும். 4 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி இரண்டு நுனியிலும் வளையம் போட்டால் 2 மீட்டரில் 100 ஆகிவிடும். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் செப்புக் கம்பி எடைக்குக் கிடைக்கும். 0.8 மில்லிமீட்டர் கம்பி 100 கிராம் வாங்கினால் 20 மீட்டருக்கு மேல் இருக்கும். பழக இதைவிட நல்ல கம்பி இல்லை. அதன்மேல் எனாமல் பூச்சு உண்டு, அதனால் அந்தக் கம்பியை நெருப்பில் காட்டாதீர்கள். புகை கெடுதல்.

துளையில் நுழையாத கதைக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த வீடியோ அமெரிக்கக் கணக்காக இருக்க வேண்டும். அங்கே 20 நம்பர் என்றால் 0.81 மில்லிமீட்டர். நம் காயில் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் அளவு, அதில் 20 என்றால் 0.91. சின்னத் துளைக்கு இந்த வித்தியாசமே அதிகம். வீடியோவில் 20 என்றால் இங்கே 21 கேளுங்கள், 24 என்றால் 25. அதைவிட, மில்லிமீட்டரில் கேட்டு வாங்கினால் குழப்பமே வராது.

காதுக்கு வந்தது நிக்கல் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையாகப் பளபளக்கிற மலிவான கொக்கிகளில் நிக்கல் கலந்திருப்பது சகஜம். ஜெர்மன் சில்வர் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது அது, வெள்ளி துளிகூடக் கிடையாது. சிவப்பு அடங்கும்வரை எதுவும் போடாதீர்கள், அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். செம்பும் வியர்வை பட்டால் பச்சை பிடிக்கும். ஆகவே கீழே தொங்குவது எதுவானாலும், காதுக்குள் போகும் கொக்கி மட்டும் 925 வெள்ளியாக இருக்கட்டும்.

பற்றவைக்கத் தெரியாமல் இதெல்லாம் நகையாகுமா என்று சிலர் கேட்பார்கள். காதில் வாங்காதீர்கள். தொங்கும் சிற்பங்களுக்குப் பேர்போன அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர், 1906ல் எட்டு வயதுப் பையனாகத் தெருவில் கிடந்த செப்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கி அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தவர். பிற்பாடு 1,800 நகைகள் அளவுக்குச் செய்தார். பெரும்பாலும் பற்றவைப்பே இல்லை. சுத்தியலால் தட்டியது, சுருட்டியது, கம்பியால் கம்பியைக் கட்டியது. சுருள்தான் அவருக்கு மிகப் பிடித்த வடிவம். நூறு வளையம் போட்ட கைக்குச் சுருள் தானாக வரும்.

தொங்கட்டானை ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்காதீர்கள், ஜோடி சேராது. இரண்டுக்கும் கம்பியைச் சேர்த்து வெட்டி, இதில் ஒரு வளைவு, அதில் ஒரு வளைவு என்று கூடவே கொண்டுபோங்கள். முடிந்ததும் கொஞ்சம் பஞ்சை எடுத்து மேலெல்லாம் மெல்லத் தடவிப் பாருங்கள். பஞ்சு சிக்குகிற இடத்தில் நாளைக்கு அந்தப் பெண்ணின் முடியும் பட்டுப்புடவையும் சிக்கும். அந்த இடத்தைச் சின்ன அரத்தால் தேய்த்துவிட்டு, மறுபடி பஞ்சு வைத்துப் பார்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா