மாடிக்கு விட்ட கம்பி

கேள்வி: நாங்கள் குடியாத்தம். எனக்கு 41 வயது. கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். ஆறு வருடத்துக்கு முன் லோன் போட்டு வீடு கட்டினோம். மாடிக்கென்று விட்ட கம்பி இன்னும் மொட்டைமாடியில் துருப்பிடித்து நிற்கிறது. காட்பாடியில் இருக்கும் என் நாத்தனார் போன வருடம் மாடி எடுத்து, கிரானைட் போட்டுக் கிரகப்பிரவேசம் செய்தார். அதிலிருந்து என் வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு லட்சம் கடன் வாங்கி நாமும் மாடி எடுக்கலாம் என்கிறேன். கணவர் இப்போதே ஓவர்டைம் முடித்து இரவு பத்து மணிக்குத்தான் வருகிறார். பிளஸ் ஒன் படிக்கும் மகளோடு பேசக்கூட அவருக்கு நேரமில்லை. 'போதும் என்ற மனசு உனக்கு இல்லை' என்று அம்மா திட்டுகிறார். வீடு வாசல், பணம் காசு இதெல்லாம் சந்தோஷம் தராதா? ஆசைப்படுவது தப்பா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

ஆசைப்படுவது தப்பே இல்லை. பணத்தால் சந்தோஷம் வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். நானும் உங்கள் ஊர்ப் பக்கம்தான். என் அம்மா பீடி சுற்றி எங்களைப் படிக்க வைத்தவர். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, தகர அளவை இலை மேல் வைத்துக் கத்தரித்து, தூளைப் போட்டுச் சுருட்டி, நூல் கட்டுவார். விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருக்கும். ஒரு ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸுக்காகக் கம்மலை அடகு வைத்தார். காது ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு மூன்று வருடம் இருந்தார். கல்யாண வீடு என்றால் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொள்வார்.

அண்ணன் வேலைக்குப் போய் அந்தக் கம்மலை மீட்டு வந்தான். நம்பர் எழுதிய சின்னக் காகித உறையில் இருந்தது. அம்மா குச்சியை எடுத்துப் போட்டுவிட்டுக் கம்மலை மாட்டினார். கண்ணாடிகூடப் பார்க்கவில்லை, தடவித் தடவிப் பார்த்தார். அன்று கொடுத்த பணம் வாங்கித் தந்தது சந்தோஷம்தான். அது அவர் போகும்வரை குறையவே இல்லை.

அதே வருடம் கலர் டிவியும் வாங்கினோம். முதல் வாரம் தெருவே எங்கள் வீட்டில். தீபாவளிக்குள் அதன் மேல் துணி போர்த்தி, பல்பொடி டப்பா வைக்கிற இடமாகிவிட்டது.

எந்தப் பொருளும் வீட்டுக்கு வந்துவிட்டால் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அமெரிக்காவில் லாட்டரியில் பெரும் பணம் விழுந்தவர்களை 1978இல் ஆராய்ந்தார்கள். அக்கம்பக்கத்துச் சாதாரண ஆட்களைவிட அவர்கள் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, ஜோக் கேட்பது போன்ற அன்றாட விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த சுகம் குறைந்தே இருந்தது. அதே சமயம், வருமானம் கூடக் கூடப் பெரும்பாலானவர்களின் மகிழ்ச்சி கூடுகிறது என்றும் 2023இல் அந்த நாட்டில் ஓர் ஆய்வு வந்தது. நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும் அதைச் செய்தவர்களில் ஒருவர். ஏற்கெனவே மனத்துயரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவவில்லையாம். அவர்கள் சொல்லும் அளவு டாலர் கணக்கு, அது நமக்குப் பொருந்தாது. ஆனால் அந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோது உங்கள் கடிதம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மாடியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். அதில் யார் தங்கப் போகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. வாடகைக்கு விடவா, மகளுக்குத் தனி ரூமா? எதுவும் இல்லை. மகளோடு பேச அவருக்கு நேரமில்லை என்கிற வரிதான் என்னை உறுத்தியது.

சரி, கணக்குக்கு வருவோம். எட்டு லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 10,570 ரூபாய். மொத்தம் கட்டுவது 12 லட்சத்து 68 ஆயிரத்துக்குப் பக்கம். பழைய லோன் தவணை தனி. இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வரும்? அவருடைய ஓவர்டைமிலிருந்துதான். மகளுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் பள்ளிக்கூடம். அப்புறம் ஹாஸ்டலோ வேலையோ, எங்கே இருப்பாளோ தெரியாது. அந்த இரண்டு வருடத்தை நீங்கள் விற்கப் பார்க்கிறீர்கள் தங்கச்சி.

நாத்தனார் விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கூடப் பழகுகிறவர் வீடு உயரும்போது மனசு சுருங்கத்தான் செய்யும். அந்தக் கிரகப்பிரவேசத்தில் உங்கள் மனம் நோக யாராவது ஏதாவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் அதைக் கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாடி எடுத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இப்போதைக்குக் கடன் வேண்டாம். முடிந்தால் பழைய லோனில் கொஞ்சம் அசலை அடைத்துவிடுங்கள், தவணை குறைந்தால் ஓவர்டைமை வாரம் இரண்டு நாளாகக் குறைக்க வழி கிடைக்கும். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அவரை லீவு போடச் சொல்லுங்கள். மூன்று பேருமாகக் கூட்டத்தில் நின்று சிரசு பாருங்கள்.

அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிடாதீர்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, சிமென்ட் பால் பூசி வையுங்கள். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலைதான். வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால், மகள் படிப்பு முடிந்த பிறகு மாடி எடுக்கிறபோதும் அந்தக் கம்பி பயன்படும்.