ஜமாவைச் சென்னைக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு வயதாகிவிட்டதால் 14 பேர் கொண்ட தெருக்கூத்து ஜமாவை, அதாவது குழுவை, நான்தான் நடத்துகிறேன். பையன்கள் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள். திருவிழாவுக்குப் பாட்டுக் கச்சேரி போதும் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கை, வெக்ஸ்போர்டு என்ற சின்ன ஊரில் வருஷா வருஷம் ஓபரா, அதாவது பாட்டாலேயே நடத்தும் மேல்நாட்டு நாடகம், நடப்பதாகச் சொன்னாள். அவர்களால் எப்படி முடிகிறது? நானும் ஜமாவோடு சென்னைக்குப் போய்விடலாமா?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: போக வேண்டாம், தம்பி. சென்னையில் எப்போதாவது ஒரு மேடை கிடைக்கும், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு. அதை வைத்து 14 குடும்பம் சாப்பிட முடியாது. பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை உங்களுக்குத் தாம்பூலம் வைத்து ஆட்டத்துக்குக் கூப்பிடுகிற ஊர்கள் இங்கேதான் இருக்கின்றன.

உங்கள் தங்கை சொன்ன வெக்ஸ்போர்டில் 20,000 சொச்சம் பேர்தான். 1951இல் அங்கே ஓபரா விழாவைத் தொடங்கியவர் டாம் வால்ஷ் என்ற டாக்டர். முக்கியப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வெளியூர், கோரஸ் பாடியவர்கள் உள்ளூர்க்காரர்கள். இன்றைக்கும் ஊர் ஜனங்கள் நூற்றுக்கணக்கில் சம்பளம் வாங்காமல் விழா வேலை பார்க்கிறார்கள். பெரிய நகரங்களில் அதிகம் மேடையேறாத ஓபராக்களைத் தேடிப் போடுவது அவர்கள் வழக்கம். வேறெங்கும் பார்க்க முடியாது என்பதாலேயே வெளிநாட்டிலிருந்தும் ஆள் வருகிறது. 2008இல் பழைய தியேட்டர் இருந்த இடத்திலேயே புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். தலைநகர் டப்ளினுக்குக் குடிபெயரவில்லை.

உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் பதினெட்டாம் போர்க் கூத்து விடிய விடிய நடக்கிறது. காலையில் படுகளம். மண்ணால் செய்து கிடத்தியிருக்கும் துரியோதனனைச் சுற்றி உங்கள் வேஷக்காரர்கள் ஓட, ஊரே நின்று பார்க்கிறது. அந்த இடத்தில் எந்தப் பாட்டுக் கச்சேரியும் நிற்க முடியாது. அதனால் மற்ற நாட்களில் நேரத்தைக் குறைக்கச் சொன்னால் சரி என்று சொல்லுங்கள், பாரதக் கூத்தில் மட்டும் ஒரு மணி நேரம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

பையன்கள் போவதற்குக் காரணம் கூத்தின் மேல் வெறுப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆடிக்கு அப்புறம் வருமானம் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் பங்கு பிரிக்கும்போது ஜமா பெயரில் ஒரு பங்கு எடுத்து வங்கியில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கைச்செலவுக்கு அதிலிருந்து கொடுக்கலாம். கம்பெனிக்குப் போகிறவனை விரட்டாதீர்கள். சனிக்கிழமை ராத்திரிக்கு ஒரு வேஷம் அவனுக்கென்று இருக்கட்டும். பெண் பிள்ளைகளையும் சேருங்கள். காஞ்சிபுரம் பக்கம் கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து (தெருக்கூத்துதான்) குருகுலத்தில் பெண்கள் படித்து, வேஷம் கட்டி ஆடியிருக்கிறார்கள்.

காகித வேலையும் உண்டு. 7 பேர் இருந்தால் சங்கமாகப் பதிவு செய்துவிடலாம். பதிவு இல்லாமல் மத்திய அரசின் கலைக்குழு நிதியுதவிக்கு விண்ணப்பிப்பது கஷ்டம். ஆளாளுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் ஊரிலேயே வருஷத்துக்கு ஒரு ராத்திரி உங்கள் விழாவாக இருக்கட்டும். புரிசை கிராமத்தில் கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரான் பெயரில் அப்படித்தான் நடத்துகிறார்கள். தை மாதம் தோதாக இருக்கும்: அறுப்பு முடிந்திருக்கும், உங்களுக்கும் ஆட்டம் குறைவு. ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுத் தேதி குறியுங்கள். பந்தலும் சாப்பாடும் ஊர் பொறுப்பு என்று அப்போதே பேசிவிடுங்கள். அன்றைக்குக் கர்ண மோட்சம் வேண்டாம், அதைத்தான் கருமாதிக்குக் கருமாதி ஆடுகிறீர்களே. அப்பாவின் பழைய நோட்டில் வருஷக்கணக்கில் ஆடாமல் கிடக்கும் நாடகம் ஏதாவது இருக்கும். அதை எடுங்கள். மெட்டு அவருக்குத்தான் தெரியும், நோட்டில் இருக்காது. இந்த வாரமே அவரைத் திண்ணையில் உட்கார்த்திப் பாடச்சொல்லிச் செல்போனில் பதிவு செய்யுங்கள்.