சுவிட்ச் என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,
பி38 என்ற நொதிதான் தசை உருவாக்கத்தின் சுவிட்ச் என்று படித்தேன். மருந்து கொடுத்து அதை முடுக்கிவிட்டால் முதியவர்களின் தளர்ந்த தசையை மீட்க முடியுமா? இஆர்கே நொதியின் பங்கு என்ன?
ஒரு முதுகலை மாணவன்

அன்புள்ள தம்பி,

மருந்துக் கேள்வியை விடுங்கள். பி38 உடம்பெங்கும் இருக்கிறது, அழற்சியிலும் அதற்குக் கை உண்டு. முடுக்கினால் தசையோடு நிற்காது. இஆர்கே இளம் தசைச் செல்களைப் பெருகச் சொல்வது. அது அடங்கினால்தான் அவை முதிரத் தொடங்கும். அவ்வளவுதான்.

ஆனால் 'சுவிட்ச்' என்று எழுதினீர்களே, அதை விட மனமில்லை. யாரோ சொன்ன சொல்லை யோசிக்காமல் வாங்கி வைத்துக்கொள்வது படிப்பாகாது. பி38 செய்வது ஒரே வேலை: செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின் மேல் ஒட்டுகிறது. அந்த ஒட்டலுக்கு என்ன பொருள் என்பதை அதை வாங்கிக்கொள்ளும் செல்தான் தீர்மானிக்கிறது. தசையாகப்போகும் செல்லில் தசை மரபணுக்களை இயக்கும் மயோடி என்ற புரதம் ஏற்கெனவே காத்திருக்கிறது. 1987இல் அதற்குரிய ஒரே மரபணுவைச் செலுத்தியே நார்ச்செல்களைத் தசைச்செல்களாக மாற்றிக் காட்டினார்கள். அங்கே பி38 வந்து எம்இஎஃப்2 என்ற இன்னொரு புரதத்தைப் பாஸ்பேட்டால் தட்டினால் தசைக்குரிய மரபணுக்கள் விழிக்கின்றன. மயோடி இல்லாத செல்லில் அதே தட்டல் வேறு எதற்கோ போகும். வீட்டுச் சுவிட்ச் இப்படியா ஆள் பார்த்து வேலை செய்கிறது?

நான் மாணவனாக இருந்தபோது சி2சி12 என்ற எலியின் இளம் தசைச் செல்களைத் தட்டில் வளர்த்தேன். அவற்றுக்கு ஊட்டமான சீரத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால் இரண்டாம் நாள் அவை நீண்டு, பக்கம் பக்கமாகச் சாய்ந்து வரிசைகட்டும். அப்புறம் ஒன்றோடொன்று கலந்து, ஒரே குழாய்க்குள் பல உட்கருக்கள் மணி கோத்தது போல நிற்கும். ஒருமுறை பக்கத்துத் தட்டில் பி38ஐத் தடுக்கும் மருந்தைப் போட்டிருந்தேன். ஐந்தாம் நாள் இந்தத் தட்டில் குழாய்கள் தாமாகவே துடித்தன. அந்தத் தட்டில் செல்கள் நெருங்கித்தான் கிடந்தன, உயிரோடும் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனி உட்கருவோடு தனியாக. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டிக் கழற்றும் இந்த வித்தையை ஃபிஷர், கிரெப்ஸ் என்ற இரு அறிவியலாளர்கள் 1950களில் கண்டுபிடித்ததும் முயல் தசையில்தான். 1992இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நீங்கள் இதுவரை தட்டைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த வாரமே ஆய்வகத்துக்குப் போங்கள். இரண்டாம் நாள் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.